விசிலடித்த வாய்

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாய்க்குப் பிறகு வரலாம்.

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு தியேட்டர். 'வேட்டையன்' வந்து நாலாவது நாள். ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டம். திரையில் ரஜினிகாந்த், போலீஸ் எஸ்.பி. அதியனாக, குணா என்கிற குடிசைப்பகுதி இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். ஒரு பள்ளி ஆசிரியையைக் கெடுத்துக் கொன்றவன் இவன்தான் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. நமக்கு அது போதும். துப்பாக்கி வெடித்ததும் தியேட்டரே எழுந்து நின்றது. காகிதம் பறந்தது. நானும் ரெண்டு விரலை மடக்கி நாக்குக்கடியில வச்சி ஒரு விசில் விட்டேன். முப்பது வருஷமாய் மேடைகளில் மனித உரிமை பேசிய வாய் அது. பரமக்குடியில் 2011-இல் ஆறு பேரைச் சுட்டபோது ஊர் ஊராய்ப் போய்க் கண்டனம் முழங்கிய வாய்.

என் பக்கத்தில் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். அவரும் விசிலடித்தார். அவர் விசில் என்னுடையதைவிடக் கணீரென்று இருந்தது. பழைய மன்றத்துக்காரர் அல்லவா.

அந்த அண்ணனின் கதையைச் சொன்னால்தான் நான் எதைப் பேச வருகிறேன் என்று புரியும். 1995 பொங்கலுக்கு 'பாட்சா' வந்தது. எங்கள் பக்கத்து டவுன் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு இருபத்திமூணு வயசு. கொத்தனார் வேலை. செகண்ட் ஷோ பார்த்துவிட்டு நாலு பேராய் நடந்தே ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். பாதி வழியில் ஜீப். "எந்த ஊருடா?" ஊர்ப் பேரைச் சொன்னார்கள். "ஊரா, காலனியா?" காலனி என்றார்கள். "ஏறுங்கடா." அவ்வளவுதான் விசாரணை. பக்கத்து ஊர்க் கோயில் உண்டியலை யாரோ உடைத்திருந்தார்கள். மூன்று ராத்திரி. காவல் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அது எந்த ஊரிலும் இருக்கிற நிலையந்தான். நாலாவது நாள் உண்டியல் திருடன் வேறெங்கோ அகப்பட்டான். இவர்களை அனுப்பிவிட்டார்கள். அண்ணனின் வலது மணிக்கட்டு மட்டும் நேராக ஆகவில்லை. அதற்குப் பிறகு அவரால் கரணையைப் பிடித்து ஒரு சுவருக்குப் பூச்சு வேலை முடிக்க முடிந்ததில்லை. கொத்தனார், சித்தாள் வேலைக்கு இறங்கினார். கூலி பாதி.

அந்த அண்ணன்தான் குணா செத்தபோது விசிலடித்தார். நொண்டிக் கையால் அல்ல, இடது கையால்.

படம் பார்த்த தோழர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். குணா நிரபராதி. அமிதாப் பச்சன் நடித்த நீதிபதி சத்யதேவ் அதை அதியனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவசரப்பட்டு ஒரு ஏழையைக் கொன்றுவிட்டோம் என்று அதியன் உடைகிறார். அங்கிருந்து உண்மைக் குற்றவாளியைத் தேடிப்போகிறது கதை. பயிற்சி நிறுவனம் என்ற பேரில் பிள்ளைகளின் கல்வியை விற்றுக் காசு பார்க்கிற பெரிய மனிதரிடம் கொண்டுபோய் விடுகிறது. இயக்குநர் த.செ. ஞானவேல். 'ஜெய் பீம்' எடுத்தவர். அவர் செய்திருப்பது ஒரு பொறி. ரஜினியைக் கொண்டு நம்மை விசிலடிக்க வைக்கிறார், பிறகு அந்த விசிலுக்காக நம்மைக் கூசவைக்கப் பார்க்கிறார்.

பொறி வேலை செய்ததா? அதைத்தான் கேட்கிறேன். படம் விட்டு வெளியே வந்த கூட்டத்தோடு டீக்கடையில் அரை மணி நேரம் நின்றேன். காதில் விழுந்தது இது: "ஃபர்ஸ்ட் ஆஃப் மரண மாஸ் மச்சி. செகண்ட் ஆஃப்ல கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டான்." இன்னொருவன், "தலைவரப் போட்டு அழ வைக்கிறானுங்க, எதுக்கு?" அடுத்த ஒரு வாரம் நான் போன இடமெல்லாம் இதே பேச்சு. முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு. பத்திரிகை விமர்சனங்கள் பலவும் கொஞ்சம் நாகரிகமான தமிழில் இதையே எழுதின.

இந்த 'முதல் பாதி', 'இரண்டாம் பாதி' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் பாதியில் நடப்பது என்ன? ஒரு சேரிப் பையன் விரட்டப்படுகிறான், சுடப்படுகிறான். இரண்டாம் பாதியில் நடப்பது என்ன? அவன் ஏன் சுடப்பட்டான் என்று ஒருவர் கணக்குக் கேட்கிறார். சாவு விறுவிறுப்பு. கணக்குக் கேட்பது தொய்வு. பொதுப்புத்தி என்று நாம் கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறோமே, அது இவ்வளவு பச்சையாக நூற்று இருபது ரூபாய் டிக்கெட்டில் வேறெங்கே கிடைக்கும்? பொறியில் வைத்த மசால்வடையைத் தின்றுவிட்டு எலி வெளியே போய்விட்டது.

ரசிகனை மட்டும் திட்டிவிட்டுப் போகிற மேட்டிமைப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. விசிலடித்தவன் முட்டாள், தற்குறி என்று எழுதுவது சுலபம். எங்கள் காலனியில் அந்த ஆளுக்கு விசிலடிக்கக் காரணம் இருந்தது. 1975-இல் 'அபூர்வ ராகங்க'ளில் அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த முகம் கறுப்பு முகம். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ஆள். சிவப்பாய், கொழுகொழுவென்று இருந்தால்தான் கதாநாயகன் என்றிருந்த இடத்தில் அந்த நிறமும், அந்த வேகமும், அந்தத் தலைமுடியும் எங்கள் பையன்களுக்கு ஒரு தைரியம். அதைக் கிண்டல் பண்ண எந்த அறிவுஜீவிக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்த முகத்துக்கு எந்தெந்த உடுப்பை மாட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1982-இல் 'மூன்று முகம்' அலெக்ஸ் பாண்டியன் தொடங்கி 2020-இல் 'தர்பார்' கமிஷனர் வரைக்கும், எந்த உடுப்பைக் கண்டால் எங்கள் தெருவில் ஆம்பிளைகள் கரும்புக் கொல்லைக்குள் ஓடுவார்களோ அதே காக்கியை எங்கள் ஆசை நாயகனுக்குப் போட்டுவிட்டார்கள். 'தர்பா'ரில் மனித உரிமை ஆணையக்காரர்களை மிரட்டிப் பணிய வைக்கும் காட்சி வருகிறது. அதற்கும் சிரிப்பு, கைதட்டல். மனித உரிமை என்று ஒன்று இல்லாமல் போனால் முதலில் யார் முதுகு கிழியும் என்று தெரிந்த சனமும் சேர்ந்துதான் சிரித்தது.

இடையில் ஒரு முறை உடுப்பு மாறியது. 2018 ஜூன் 7-ஆம் தேதி பா. ரஞ்சித்தின் 'காலா' வந்தது. தாராவி மக்களின் நிலத்துக்காக நிற்கிற கிழவன். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை. அவர் வீட்டுக்கு வருகிற ஹரி தாதா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போவான். அந்த ஒரு செம்புத் தண்ணீர் போதும், நமக்கு உரை வேண்டாம். அப்போது இதே ரசிகக் கூட்டத்தில் ஒரு பகுதி சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தலைவரைச் சாதிப் படத்துல நடிக்க வச்சிக் கெடுத்துட்டான்." 'சின்னக் கவுண்ட'ரிலும் 'தேவர் மக'னிலும் 'எஜமா'னிலும் சாதி தெரியாத கண்ணுக்கு 'காலா'வில் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு, நம் பக்கத்துத் தோழர்கள் சௌகரியமாக மறந்துபோவது. படம் வருவதற்கு எட்டு நாள் முன்னால், மே 30 அன்று, அதே நடிகர் தூத்துக்குடிக்குப் போனார். மே 22-இல் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போனவர்களில் 13 பேர் போலீஸ் சூட்டில் செத்த ஊர். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். திரையில் காலா, ஏர்போர்ட்டில் வேறு ஆள். ஆகவே நடிகரை நம் தலைவராக்கிக்கொள்ள நான் எழுதவில்லை. அவரைக் கழுவி ஊற்றவும் எழுதவில்லை. எழுபது வயசைத் தாண்டிய ஒரு மனிதர் 'வேட்டைய'னில் தன் துப்பாக்கி தப்புப் பண்ணிவிட்டது என்று தலை குனிந்து நிற்கச் சம்மதித்தார். அது சின்ன விஷயமில்லை. அவர் குனிந்தார், நாம்தான் குனியவில்லை.

ஞானவேலிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'ஜெய் பீம்' 2021-இல் வந்தது, தியேட்டரில் இல்லை, வீட்டுக்குள்ளே. 1993-இல் நடந்த லாக்கப் கொலையை வைத்து எடுத்தது. அதைப் பார்த்து அழாதவர்களை நான் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஆதிக்க சாதித் தெருவிலும் அழுதார்கள் என்று கேள்வி. ஏன் அழுதார்கள்? ராசாக்கண்ணுவோடும் செங்கேணியோடும் நாம் முதலில் குடியிருந்தோம். அவன் வேட்டைக்குப் போனதை, எலி பிடித்ததை, பெண்டாட்டிக்கு ஒரு செங்கல் வீடு கட்டித் தருகிறேன் என்றதைப் பார்த்த பிறகுதான் போலீஸ் வந்தது. 'வேட்டைய'னில் அது தலைகீழ். குணாவை நாம் போலீஸ் சொன்ன கதை வழியாகத்தான் முதலில் பார்க்கிறோம். சந்தேக நபராகவே அறிமுகமாகிறான், சந்தேக நபராகவே சாகிறான். செத்த பிறகு நல்லவனாகிறான். யார் கண்ணால் முதலில் பார்க்கிறோமோ அவர் பக்கம் போய்விடுகிறது விசில். தினத்தாளில் 'பிரபல ரவுடி சுட்டுக்கொலை' என்று வாசிக்கிறபோதும் இதேதான் நடக்கிறது. அந்த 'பிரபல'த்தை யார் கொடுத்தது? எழுதியவர் அவன் வீட்டுக்குப் போனாரா? போலீஸ் கொடுத்த காகிதத்தைத் திருப்பி எழுதுவதற்குப் பேர் செய்தி.

அதோடு, குணா என்ன சாதி என்று படம் வாயைத் திறப்பதில்லை. ஏழை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஏழை என்றால் எல்லோரும் ஏழை. அண்ணனிடம் ஜீப்பில் வந்தவன் "ஏழையா பணக்காரனா" என்று கேட்கவில்லை. "ஊரா, காலனியா" என்றுதான் கேட்டான். கடைசியில் குணாவின் சாவு எதற்குப் பயன்படுகிறது? ஒரு அதிகாரியின் மனசாட்சி விழித்துக்கொள்வதற்கு. நாம் செத்தால் அவர்கள் திருந்துவார்கள். இந்தக் கதையாடலை எத்தனை காலம் மனிதாபிமானம் என்று கொண்டாடுவது?

சரி, படத்தை விடுங்கள். படம் ஒரு பொய். நிஜத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு நாக்கு உலர்கிறது. ஹைதராபாத் பக்கம், 2019 நவம்பரில் ஒரு கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 விடியலில் நாலு பேரைப் போலீஸ் சுட்டது. லாரி ஓட்டுகிறவர்களும் கிளீனர்களும். சுட்ட இடத்தில் சனங்கள் போலீஸ் மேல் பூப் போட்டார்கள், தோளில் தூக்கினார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானபோது, போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், நாலு பேரில் மூணு பேர் வயசு வராத பையன்கள் என்று இருந்தது. பூப் போட்டவர்கள் யாரும் திரும்பி வந்து பூவைப் பொறுக்கிக்கொண்டு போகவில்லை. டிசம்பர் 6 என்பது நமக்கு என்ன நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது தெலுங்கு நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2024 ஜூலை 5, பெரம்பூர். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வீட்டு வாசலுக்கு அருகில் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த ராத்திரி எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. ஒன்பதாம் நாள், ஜூலை 14, அந்த வழக்கில் கைதாகிப் போலீஸ் காவலில் இருந்த ஒருவரை மாதவரம் பக்கம் கூட்டிப்போன இடத்தில் சுட்டுவிட்டோம் என்றது போலீஸ். ஆயுதத்தை எடுத்துத் தாக்கினானாம், தற்காப்பாம். அன்றைக்கு நம்முடைய வாட்ஸ்அப்புகளில் என்ன ஓடியது? "நல்லா வேணும்." "இன்னும் மிச்சம் இருக்கறவனையும் போடணும்." எழுதியவர்கள் யார்? என்னோடு மேடை ஏறியவர்கள். இந்த மாதிரி பத்திரிகைகளில் கவிதை எழுதியவர்கள். எனக்கு ஒருவர் அனுப்பியதற்கு நான் ஒரு கட்டை விரலைத் திருப்பி அனுப்பினேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

துக்கம் நியாயமானது. ஆத்திரம் அதைவிட நியாயமானது. ஆனால் நம் தலைவரைக் கொன்றவர்களுக்குப் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று கோர்ட்டில் கூண்டேறிச் சொல்ல வேண்டிய வாய்களில் ஒன்றல்லவா அங்கே மூடப்பட்டது? அதற்கா நாம் விசிலடித்தோம்? 2014-இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் என்கவுண்டர் சாவுகளுக்கு 16 நெறிமுறைகள் விதித்தது. முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், சம்பந்தப்படாத வேறு காவலர்கள் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட கையோடு பதக்கமும் பதவி உயர்வும் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்டு மனுப்போட வேண்டியது நாம். நமக்கு வேண்டாதவன் செத்தாலும் கேட்க வேண்டியது நாம். இதைச் சொன்னதற்கு ஒரு தோழர் போனில் என்னைத் "துரோகி" என்றார். சொல்லட்டும். அவர் துக்கம் பெரியது.

'மாவுக்கட்டு' என்று ஒரு நகைச்சுவை ஓடிக்கொண்டிருக்கிறதே. ஒருவனைப் பிடிப்பார்கள், மறுநாள் கையில் மாவுக்கட்டோடு படம் வரும், பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார்கள். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள். அண்ணன் மகன் அதை எனக்குக் காட்டிச் சிரித்தான். "சித்தப்பா, இதப் பாரு, இன்னொருத்தன் வழுக்கிட்டான்." அவன் அப்பன் மணிக்கட்டு எப்படிக் கோணியது என்று அவனுக்குத் தெரியாது. சாரத்திலிருந்து விழுந்ததாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். போலீஸில் அடி வாங்கியவன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அப்போது பயம், பிறகு அந்தப் பொய்யே நிலைத்துவிட்டது. குணா மேல் ஒட்டியிருந்த பொய் இரண்டாம் பாதியில் உரிக்கப்பட்டது. அண்ணன் மேல் ஒட்டியது இருபத்தொன்பது வருஷமாய் அப்படியே இருக்கிறது. ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். குணா நிரபராதி என்று சத்யதேவ் சொல்கிறபோது தியேட்டர் சப்தமில்லாமல் இருந்தது. சிலர் செல்போனைப் பார்த்தார்கள். பக்கத்தில் அண்ணன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தபடியே, யாரிடமும் இல்லாமல், "இதத்தானடா நான் அன்னிக்கிச் சொன்னேன், நான் இல்ல சார், நான் இல்ல சார்னு" என்றார். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "யோவ் பெருசு, படம் பாக்க வுடுய்யா" என்றான். அவனும் நம் பக்கத்துப் பையன்தான், கைக்கயிற்று நீலத்தைப் பார்த்தேன். அண்ணன் எழுந்து வெளியே போனார். படம் முடிகிறவரை வரவில்லை. நானும் எழுந்து போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவைப் பார்க்கிற ஆசை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் பீடியோடு நின்றிருந்தார். "என்னா தம்பி, கடைசியில தலைவர் என்னா பண்ணாரு?" என்று கேட்டார். சொன்னேன். "மன்னிப்புக் கேட்டாரா?" என்றார்.

ஆசிரியர் குழுத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் 'வேட்டையன்' பற்றி விமர்சனம் போடுவதாகச் சொன்னீர்கள். விமர்சனம் வேண்டாம். படம் பார்த்த நம் ஆட்கள் ஒவ்வொருவரிடமும், எந்த இடத்தில் விசிலடித்தாய், அப்போது உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். என்னுடையது இது. அண்ணனுக்கு எழுத வராது, அவர் மகனிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மகன் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.